ஆங்கிலச் சொற்பாடம்: தடுப்பது வேறு, கண்டிப்பது வேறு

பேங்கு, வக்கீல், கம்பெனிக் கடிதங்கள் நமக்கு ஆங்கிலத்திலும் வருவதுண்டு. ஆகவே இம்முறை 'சென்ஷர்' என்னும் சொல்லைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சினிமா பார்க்கிறவர்கள் அறிந்த 'சென்ஸர்' வேறு. அது படத்தையோ எழுத்தையோ பார்வையிட்டு வெட்டுவது, தடுப்பது. 'சென்ஷர்' என்பது, செய்த குற்றத்தைச் சுட்டி, அதிகாரமுள்ள ஒருவரோ சபையோ முறைப்படி கண்டிப்பதாகும்.

இரண்டுக்கும் பிறப்பிடம் ஒன்றே. பழைய ரோமாபுரியில் ஜனத்தொகையையும் சொத்தையும் கணக்கெடுத்து ஏட்டில் பதிய, இரண்டு உத்தியோகஸ்தர்கள் இருந்தனர். 'சென்ஸஸ்' என்ற சொல்லும் அவ்வழி வந்ததே. நடத்தை கெட்டவன் பெயருக்கு எதிரே அவர்கள் ஒரு குறியிடுவார்கள். பேரேட்டில் வாராக்கடன்காரன் பெயருக்கு நாம் குறி வைப்பதில்லையா, அதுபோல! அந்தக் குறியால் மானம் போகும். செனட் சபை அங்கத்தினருக்குப் பதவியும் போகும்.

இன்றைய சென்ஷர் அவ்வளவு கடுமையன்று. இந்திய மத்திய சர்க்கார் ஊழியருக்கான 1965-ஆம் வருஷ விதிகளில், சிறு தண்டனைகளின் வரிசையில் முதலாவது இதுவே. வேலை போகாது, ஆனால் பதிவேட்டில் நிற்கும். அமெரிக்க செனட் 1834-இல் ஜனாதிபதி ஜாக்ஸனை சென்ஷர் செய்தது. அவர் பதவியில் நீடித்தார். ஆயினும் அந்தப் பதிவை அடிக்கவைக்க அவர் கட்சியார் பாடுபட்டு, 1837-இல்தான் வென்றார்கள். ஏட்டில் ஏறிய சொல்லின் பாரம் அத்தகையது.

ஆகவே இடமறிந்து வழங்க வேண்டும். முதலாளி கடைப் பையனை அதட்டுவது சென்ஷர் ஆகாது. சரக்கு மட்டமென்று வாடிக்கைக்காரர் சொல்வது 'கம்ப்ளெயின்ட்'. மலாயில் மென்மையாய்ச் சுட்டுவது 'தெகுரான்'. கடுமையாய்க் கண்டிப்பது 'கெச்சாமான்'.

சங்கக் காரியதரிசிகள் முக்கியமாய்க் கவனிக்கவும். சந்தா பாக்கிக்காக ஓர் அங்கத்தினர் பெயரோடு நடவடிக்கைக் குறிப்பில் இச்சொல்லை எழுதிவிட்டால், நாளை அதைப் படிக்கும் பங்காளி அவரோடு கூட்டுச் சேரத் தயங்குவார். வியாபாரிக்கு நாணயந்தானே முதல்! எழுதுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: குற்றம் இன்னதென்று சொல்லப்பட்டதா? அவர் பதிலைக் கேட்டோமா? கண்டிக்கச் சங்க விதியில் நமக்கு அதிகாரமுண்டா? ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், 'ரிமைண்டர்' அனுப்புவதோடு நிறுத்துங்கள்.

நமக்கே அப்படியொரு கடிதம் வந்தால், லைசென்சு போயிற்றென்று அலற வேண்டாம். காட்டிய காரணத்தைப் படித்து, தவணைக்குள் எழுத்து மூலம் பதில் கொடுத்து, நகலொன்றைக் கடையில் பத்திரப்படுத்துங்கள்.