பிள்ளையின் மனப்பாரமும் சரீர எடையும்



"வாயைக் கட்டமாட்டேன் என்கிறான். நீங்களாவது புத்தி சொல்லுங்கள், ஐயா." எடை கூடிய பிள்ளைகளை ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் எங்களிடம் அழைத்து வரும் பெற்றோர் அநேகர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். புத்தி சொல்லுமுன் அந்தப் பிள்ளையின் மனதை அழுத்துவது என்ன என்று விசாரிக்கவேண்டும் என்பதே எங்கள் எண்ணம். அதற்குச் சரீர சம்பந்தமான காரணம் உண்டு.

சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். பயமோ கவலையோ வந்தால் இவை கார்டிசாலைச் சுரக்கின்றன. ஆபத்து நீங்கியதும் அது தணியவேண்டும். கவலை மாதக்கணக்கில் நீடித்தால் அது தணியாமல் நிற்கக்கூடும். அப்போது இனிப்பின்மேலும் எண்ணெய்ப் பலகாரத்தின்மேலும் ஆசை மிகுகிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேருகிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களின் முகம் உப்பிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். கார்டிசாலும் நம் உடல் தானே செய்துகொள்ளும் ஸ்டீராய்டுதான். அளவு மாத்திரை அளவுக்கு இராது, ஆனால் போகும் திசை அதுவே.

2003-ல் அமெரிக்காவில் மேரி டால்மன் என்ற அம்மையாரும் உடன் ஊழியரும் இன்னொன்றை எடுத்துக்காட்டினார்கள். இனிப்பும் கொழுப்பும் உள்ளே போகும்போது அந்தப் பதற்றம் சற்று அடங்குகிறது என்றார்கள். அப்படியானால் ஒளித்துவைத்துத் தின்னும் பிள்ளை, தெரியாமலே தனக்கு மருந்து போட்டுக்கொள்கிறது!

எங்கள் பகுதியைப் பாருங்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் பஞ்சாலையில் வெவ்வேறு ஷிப்டு. பள்ளி முடிந்து டியூஷனுக்குப் போன பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு ஆளில்லாத வீட்டுக்கு வருகிறது. கையிலிருக்கும் காசுக்கு முக்குக் கடையில் எண்ணெய் பரோட்டா. படுக்கப் பதினொன்று ஆகிறது, விடியற்காலை மறுபடியும் டியூஷன். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. கண்மாய்க்கரையில் ஓடி விளையாட நேரம் ஏது? பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-ல் கைவிட்டது. வீடுகளில் இன்னும் கைவிடக் காணோம். (பால்கோவாவின்மேல் பழி போடாதீர்கள். எப்போதாவது தின்னும் ஒரு துண்டு அல்ல பிரச்சினை.)

இது புதிய சங்கதியும் அல்ல. 2002-ல் வெளியான சென்னை ஆய்வொன்றில், 13 முதல் 18 வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் அதிக எடையோடிருந்தனர்.

எல்லா எடைக்கும் கவலையே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. பரம்பரை உண்டு, தைராய்டு குறைவு உண்டு. ஆகையால் முதலில் டாக்டர் பார்க்கிறார். கவலையால் சாப்பாட்டையே வெறுத்து மெலிகிற பிள்ளைகளும் உண்டு. ஆனால் "குண்டு" என்ற பட்டப்பெயரும், விருந்து வீட்டில் உறவினர் செய்யும் கேலியும், தட்டைப் பிடுங்கும் தகப்பனின் கோபமும் அதே கார்டிசாலைத்தான் கிளறிவிடுகின்றன. திட்டு வாங்கிய பிள்ளை எடை குறைந்து திரும்பி வந்ததை நாங்கள் கண்டதில்லை.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது கொஞ்சம்தான். பதின்வயதுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும், சிறியவர்களுக்கு இன்னும் அதிகம். அதற்காக ஒரு டியூஷனை நிறுத்தினாலும் நஷ்டமில்லை. வீட்டார் அனைவருக்கும் ஒரே சாப்பாடு, பிள்ளைக்கு மட்டும் பத்தியம் வேண்டாம்.

எங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. வெளிநோயாளர் பிரிவில் எடை பார்க்கும் கருவி வரிசைக்கு நேர் எதிரே இருக்கிறது, நர்சு எண்ணை உரக்கச் சொல்கிறார். அங்கே ஒரு மறைப்புத் தட்டியும் திரைத்துணியும் போட விரும்புகிறோம். இந்த மாதக் காணிக்கையில் அதற்கென்று குறித்து அனுப்புகிறவர்கள் அனுப்பலாம்.