சார்மினார் வீதியில் ஒரு சுவைப் பாடம்

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் பிரியாணியோடு நிறுத்திவிடுகிறோம். ஒருநாள் காலையில் குழந்தைகளுடன் அவர்களைப் பழைய நகருக்கு நடத்திச் செல்லுங்கள்.

1591-இல் முகம்மது குலி குதுப் ஷா எழுப்பிய சார்மினாரில் தொடங்கலாம். அருகே கிடைக்கும் இரானி டீ, பாரசீகத்திலிருந்து குடியேறியோர் தந்தது. தொட்டுக்கொள்ளும் உஸ்மானியா பிஸ்கட், கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் பெயரைத் தாங்கியது. வடக்கே சார் கமான் பக்கம் தள்ளுவண்டித் தோசை: வெண்ணெயுடன் உப்புமாவையும் பரப்பிச் சுடுகிறார்கள்! ரம்ஜான் மாதமானால் மாலையில் ஹலீம். அரபு நாட்டு ஹரீஸிலிருந்து பிறந்து, 2010-இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஒவ்வொரு கடையிலும் 'இது எங்கிருந்து வந்தது?' என்று குழந்தைகளைக் கேட்கச் சொல்லுங்கள். வந்தவர்கள் சமைத்துச் சேர்த்த ஊர் இது. நாமும் அவ்வாறு வந்தவர்களே என்பதை அவர்கள் உணர்வார்கள்.