டாக்டர் கேட்ட அந்தக் கேள்வி

மகளின் பேறுகாலத்துக்காக அமெரிக்கா போய்த் திரும்பிய நம் ஜமாஅத் தாயார் ஒருவர், அங்கே நடந்த ஒன்றை மனக்குறையோடு சொன்னார். மூத்த பேரனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டப் போயிருக்கிறார்கள். சாப்பாடு, தூக்கம், தடுப்பூசி என்று விசாரித்த டாக்டர், “வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?” என்றும் கேட்டாராம். “நாங்கள் முக்காடு போட்டிருந்ததால்தானே இப்படிக் கேட்டார்?” என்பது அவருடைய வருத்தம்.

அப்படி இல்லை. பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் குடும்பங்கள் நம்மில் பல இருப்பதால் இதை விளக்கிவிடுகிறோம். காரில் குழந்தைக்குத் தனி இருக்கை உண்டா என்று கேட்பதைப் போலவே, துப்பாக்கியைப் பற்றியும் பெற்றோரிடம் பேசும்படி அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு தன் மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. 2020இல் அங்கே 1 முதல் 19 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி ஆனது. அதுவரை அந்த இடத்தில் இருந்தவை வாகன விபத்துகள்.

துப்பாக்கி வைத்திருப்பவரை டாக்டர் கண்டிப்பதில்லை. தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டி வையுங்கள், தோட்டாக்களை வேறிடத்தில் தனியாகப் பூட்டுங்கள், சாவி பிள்ளை கையில் கிடைக்கக்கூடாது என்பதே அவர் சொல்வது. “அலமாரி உச்சியில் இருக்கிறது, பிள்ளைக்குத் தெரியாது” என்றால் போதாது. மிட்டாய் டப்பாவை நாம் எங்கே ஒளித்தாலும் பேரப்பிள்ளைகள் கண்டுபிடிப்பதில்லையா? வளர்ந்த பிள்ளைகளின் விஷயம் இன்னும் கவலைக்குரியது. மனம் உடைந்த ஒரு பிள்ளை அவசரத்தில் விபரீத முடிவெடுக்கும் நேரம் சில நிமிடங்களே இருக்கலாம். பூட்டிய பெட்டி அந்த நிமிடங்களைக் கடத்திவிடும்.

இப்படிக் கேட்பதை அங்கேயே பலர் விரும்பவில்லை. புளோரிடா மாநிலம் 2011இல் இதைக் கட்டுப்படுத்திச் சட்டமே போட்டது. மருத்துவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கேட்கக்கூடாது என்ற பகுதி செல்லாது என்று 2017இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பெற்றோருக்கு இல்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லி ஆலோசனை கேட்பதே பிள்ளைக்கு நல்லது.

அம்போடு பள்ளிவாசலுக்கோ கடைத்தெருவுக்கோ வருபவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதையும், உருவிய வாளைக் கைமாற்றுவதைத் தடுத்ததையும் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். ஆயுதம் வைத்திருப்பவரிடமே அதன் பொறுப்பும் இருக்கிறது என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

“எங்கள் வீட்டில் துப்பாக்கியே இல்லையே” என்றார் அந்தத் தாயார். பெரும்பாலான நம் குடும்பங்களின் பதிலும் அதுதான். ஆனால் பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் இருக்கலாம் அல்லவா? அனுப்புவதற்கு முன், “உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டுவிடும்படி அங்குள்ள மருத்துவர்கள் சொல்கிறார்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நாய் கடிக்குமா என்று கேட்கிறோமே, அதைப்போல இதையும் சாதாரணமாகக் கேட்டுவிடலாம்.

அன்றிரவே தாயார் மகளுக்குப் போன் போட்டார். சனிக்கிழமைதோறும் பேரன் போய்வரும் பக்கத்து வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.