பிள்ளைகளோட ஒரு நாள் டூர்: பழவேற்காடு சொல்லித்தரும் ரிஸ்க் கணக்கு

குட்டிப் பசங்களைக் கூட்டிக்கிட்டு மால், தீம் பார்க்னு போனா ஒரே நாள்ல பர்ஸ் காலி. சென்னைக்காரங்களா நீங்க? இந்தக் கணக்கைப் பாருங்க.

சென்ட்ரல்ல இருந்து பொன்னேரிக்கு லோக்கல் ரயில். 5 வயசுக்குக் கீழ டிக்கெட் கிடையாது. அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ். டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கின எலும்புக்கூடுகள், குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகள், கரையில் மீன் இறக்கும் படகுகள். பசங்க கண்ணை எடுக்க மாட்டாங்க. பெரிய செலவும் இல்லை.

ஒரே ஒரு செலவு மட்டும் வேண்டாம்: படகு சவாரி. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவங்க போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. மீன்பிடிப் படகு மீன் பிடிக்கத்தான். யார் எவ்வளவு கம்மியா கேட்டாலும் ஏறாதீங்க. விலை கம்மின்னா ரிஸ்க்கும் கம்மின்னு அர்த்தமில்லை. முதலீட்டிலும் இதேதான்.

மிச்சமான காசில் ரெண்டு வேலை செய்யுங்க. கரையில் மீன் விக்கிற அக்காகிட்ட மீன் வாங்குங்க. பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில் கணவன், மனைவி ரெண்டு பேரும் சேருங்க: வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் கவர். பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு அது ஆரம்பம்தான். அடுத்தது டேர்ம் இன்சூரன்ஸ்.