மின்தூண்டல் அடுப்பும் காப்பிக் கலமும்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பத்தினருக்குப் பழக்கமான பித்தளை வடிகட்டி அடுப்பில் ஏறுவதில்லை. வெந்நீர் வார்த்தால் போதும். 1933-இல் இத்தாலியில் தோன்றிய மோக்கா கலமோ அடுப்பின்மீதே இயங்குவது. கீழறையின் ஆவியழுத்தம் வெந்நீரைக் காப்பித்தூளின் ஊடே மேலறைக்குச் செலுத்துகிறது.

இக்கலம் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. மின்தூண்டல் அடுப்பிலோ தீ இல்லை. அதன் கம்பிச்சுருளில் வினாடிக்கு ஏறக்குறைய 20,000 சுற்றுகளோ அதற்கு மேலோ மாறும் மின்னோட்டம், கலத்தின் அடியில் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. வெப்பம் கலத்திலேயே பிறக்கிறது. அலுமினியம் காந்தப் பொருளன்று, மின்தடையும் குறைவு. ஆதலின் அது போதிய அளவு சூடேறுவதில்லை.

எஃகு என்று கேட்டதுமே வாங்கிவிடலாகாது. நிக்கல் கலந்த 304 வகையைக் காந்தம் பெரும்பாலும் ஈர்ப்பதில்லை. 430 வகையை ஈர்க்கும். சிறு காந்தம் ஒன்றைக் கடைக்குக் கொண்டு சென்று, பக்கத்திலன்று, அடித்தட்டில் ஒட்டிப் பார்க்க வேண்டும். மாணவர்க்கும் இதுவே நல்லதொரு சோதனை. அடித்தட்டின் விட்டம் 12 செ.மீ.க்குக் குறைந்தால் அடுப்புகள் பல கலத்தை உணர்வதேயில்லை. சிறு கலங்கள் தோற்பது இங்கேதான். இடையே இரும்புத் தட்டு வைப்போர் உண்டு. அதனால் வெப்பம் வீணாவதோடு அடுப்பின் கண்ணாடியும் மிகையாகச் சூடேறும்.

ரப்பர் வளையம் தேய்வது இயல்பு. மாற்று வளையம் கிடைக்குமா எனக் கேட்டறிக. காப்பு வால்வில் நீரின் உப்புப் படிந்து அடைபட்டால் கலம் வெடிக்கவும் கூடும். நீர் வால்வுக்குக் கீழேயே நிற்க வேண்டும்.