பட்டி புரோகிராம்: தொலைதூரக் கம்ப்யூட்டர் தொடர்பில் வரும் பிரச்னைகளும் தீர்வுகளும்

வேறொரு இடத்தில் உள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரை நம் வீட்டில் இருந்தபடியே இயக்க உதவுபவை டெர்மினல் எமுலேட்டர் புரோகிராம்கள். 1978ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் விடி100 என்ற டெர்மினலை வெளியிட்டது. திரையும் கீ போர்டும் மட்டும் கொண்ட அந்தச் சாதனம் செய்த வேலையை, இன்று நம் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு சிறிய புரோகிராம் செய்கிறது. இவற்றில் பலரும் பயன்படுத்துவது பட்டி. (சுவருக்குப் பூசும் பட்டி இல்லை!) சைமன் டாதம் என்பவர் உருவாக்கி இலவசமாக வழங்குவது. தேடலில் விளம்பரமாக வரும் தளங்களில் இருந்து இதனை இறக்க வேண்டாம். போலிப் பதிப்புகள் உங்கள் பாஸ்வேர்டைத் திருடிவிடலாம். அவருடைய சொந்தத் தளத்தில் இருந்தே பெறுங்கள்.

புதியவர்கள் இதில் அடிக்கடி சந்திக்கும் பிரச்னைகளையும் தீர்வுகளையும் பார்க்கலாம்.

1. தொடர்பே கிடைக்கவில்லை: எர்ரர் மெசேஜை மூடும் முன் அதைப் படியுங்கள். "ஹோஸ்ட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என வந்தால் முகவரியை டைப் செய்ததில் பிழை. "கனெக்ஷன் டைம்ட் அவுட்" என்றால் அந்தப் பக்கத்தில் இருந்து பதிலே இல்லை. கம்ப்யூட்டர் நிறுத்தப்பட்டிருக்கலாம், ஐ.பி. எண் தவறாக இருக்கலாம், இடையில் பயர்வால் தடுக்கலாம். "கனெக்ஷன் ரெப்யூஸ்ட்" என்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வரை போய்விட்டீர்கள், ஆனால் கதவைத் திறக்க ஆள் இல்லை. அங்கே எஸ்.எஸ்.எச். சேவை இயங்கவில்லை அல்லது போர்ட் எண் தவறு. எஸ்.எஸ்.எச். வழக்கமாகப் பயன்படுத்துவது 22. பழைய டெல்நெட் 23. ராஸ்பெரி பை வாங்கியவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். 2016ன் இறுதி முதல், பாதுகாப்பு கருதி இதில் எஸ்.எஸ்.எச். சேவை நிறுத்தப்பட்ட நிலையிலேயே தரப்படுகிறது. நீங்கள்தான் அதனை இயக்க வேண்டும்.

2. பாஸ்வேர்ட் டைப் ஆகவில்லை: கீ போர்ட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். இங்கு நட்சத்திரக் குறிகள் கூடத் திரையில் தோன்றாது. நம்பிக்கையுடன் முழுவதும் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

3. திரை உறைந்துவிட்டது: பைலை சேவ் செய்யும் பழக்கத்தில் கண்ட்ரோல் + எஸ் அழுத்தியிருப்பீர்கள். டெர்மினலில் இது "எழுத்துகளை அனுப்புவதை நிறுத்து" என்று பொருள்படும். கண்ட்ரோல் + க்யூ அழுத்துங்கள். திரை மீண்டும் ஓடும். இதே போல் கண்ட்ரோல் + சி இங்கே காப்பி செய்யாது, ஓடும் புரோகிராமை நிறுத்திவிடும். மவுஸால் தேர்ந்தெடுத்தாலே காப்பி ஆகிவிடும். ரைட் கிளிக் செய்தால் பேஸ்ட் ஆகும்.

4. பேக்ஸ்பேஸ் அழிக்கவில்லை: எழுத்து அழியாமல் விசித்திரமான குறிகள் வந்தால், டெர்மினல் பிரிவில் கீபோர்ட் என்பதனைக் கிளிக் செய்திடுங்கள். பேக்ஸ்பேஸ் கீக்கு இரண்டு தேர்வுகள் இருக்கும். இப்போது இல்லாத மற்றொன்றைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்க எண் கீகளை அழுத்தினால் எடிட்டரில் வேறு எழுத்துகள் வருகிறதா? அதே டெர்மினல் பிரிவில் பீச்சர்ஸ் சென்று "டிஸேபிள் அப்ளிகேஷன் கீபேட் மோட்" என்பதில் டிக் செய்திடுங்கள்.

5. கோடுகளுக்குப் பதில் குப்பை எழுத்துகள்: விண்டோ பிரிவில் டிரான்ஸ்லேஷன் சென்று, ரிமோட் கேரக்டர் செட் என்பதில் யு.டி.எப்-8 எனத் தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்துகள் தோன்றவும் இது தேவை. ஆனால் டெர்மினல் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்குவதால், கொம்பும் காலும் சற்று விலகித் தெரியலாம். பைலில் கோளாறு இல்லை. படம், புரோகிராம் போன்ற பைலைத் தவறுதலாகத் திரையில் காட்டச் சொன்னதால் எல்லா எழுத்தும் மாறிவிட்டதா? டைட்டில் பாரில் ரைட் கிளிக் செய்து, ரீசெட் டெர்மினல் என்பதனைத் தேர்ந்தெடுங்கள்.

6. சும்மா இருந்தால் தொடர்பு அறுகிறது: வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நான் பட்ட அடி இது. பெரிய பைல்களை ஒரு சர்வரில் இருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்யக் கொடுத்துவிட்டு இரவு தூங்கப் போனேன். திரையில் எதுவும் நகராத வேலை அது. இரு பக்கமும் அமைதியாக இருந்ததால் நடுவில் உள்ள ஏதோ ஒரு சாதனம் தொடர்பைத் துண்டித்துவிட்டது. தொடர்பு போனதும் அதில் தொடங்கிய வேலையும் நின்றுபோனது. காலையில் பாதி பைல்கள்தான் இருந்தன. பத்து மணிக்கு அவை முழுதாகத் தேவை.

இதற்கு இரண்டு தீர்வுகள். கனெக்ஷன் பிரிவில் "செகண்ட்ஸ் பிட்வீன் கீப்அலைவ்ஸ்" என்பதில் 0 இருக்கும். அதனை 60 என மாற்றுங்கள். நிமிடத்திற்கு ஒருமுறை பட்டி ஒரு சிறு தகவலை அனுப்பிக் கொண்டிருக்கும். ஆனால் மின்சாரமோ இணையமோ போனால் இது காப்பாற்றாது. எனவே நீண்ட வேலைகளை ஸ்கிரீன் என்ற புரோகிராமிற்குள் தொடங்குங்கள். தொடர்பு போனாலும் வேலை சர்வரில் நடக்கும். மீண்டும் நுழைந்ததும் ஸ்கிரீன் கட்டளையுடன் கழித்தல் குறி டி, கழித்தல் குறி ஆர் (இரண்டும் சிறிய எழுத்து, நடுவில் இடைவெளி) சேர்த்துக் கொடுத்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். அந்தக் காலைக்குப் பின் நான் ஸ்கிரீன் இல்லாமல் பெரிய வேலை எதையும் தொடங்கியதில்லை.

7. பாதுகாப்பு எச்சரிக்கை: முதல் முறை இணையும்போது, இந்த சர்வரின் அடையாளச் சாவி எனக்குத் தெரியாது என்று பட்டி சொல்லும். இது இயல்பானது. முடிந்தால் சர்வரைத் தந்தவரிடம் கேட்டு, திரையில் காட்டும் எண்ணைச் சரிபாருங்கள். ஆனால் பல நாள் பழகிய சர்வரில் "பொட்டன்ஷியல் செக்யூரிட்டி பிரீச்" என எச்சரிக்கை வந்தால் உடனே அக்செப்ட் தட்ட வேண்டாம். அங்கே லினக்ஸை மீண்டும் பதித்திருக்கலாம். வீட்டு ரூட்டர் அதே ஐ.பி. எண்ணை வேறு சாதனத்திற்குத் தந்திருக்கலாம். அல்லது யாரோ நடுவில் நின்று உங்கள் பாஸ்வேர்டுக்குக் காத்திருக்கலாம். காரணம் தெரியும் வரை கேன்சல் செய்வதே நல்லது.

இறுதியாக ஒன்று. மாற்றிய செட்டிங்ஸ் அடுத்த முறையும் வேண்டும் என்றால், செஷன் பிரிவிற்குத் திரும்பி, ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்திட வேண்டும். இதை மறந்துவிட்டு "பட்டி சரியில்லை" என்று சொல்பவர்கள் பலர். நீங்கள் அந்தப் பட்டியலில் சேர வேண்டாம்.