நெட்வொர்க் மென்பொருளானால் தலைவலி தீருமா?

முன்பெல்லாம் ஒரு நிறுவனத்தின் புதிய கிளைக்கு இணைப்பு கொடுப்பதென்றால் ரவுட்டர், ஃபயர்வால் என்று ஒவ்வொன்றும் தனிப் பெட்டியாக வந்து இறங்கும். மாட்டி, கட்டளை அடித்து, சோதித்து முடிக்க வாரக்கணக்கில் இழுக்கும். ஸ்டான்ஃபோர்டு முதலிய பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2008-இல் ஓப்பன்ஃப்ளோவை முன்வைத்தார்கள். ஸ்விட்ச் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை வெளியிலிருக்கும் மென்பொருளே தீர்மானிக்க அது வழி திறந்தது. 2012 அக்டோபரில் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சேர்ந்து, இந்தப் பெட்டிகளின் வேலையைச் சாதாரண சர்வர்களில் மென்பொருளாகவே ஓட்டலாம் என்று அறிக்கை வெளியிட்டன. இன்று வாடிக்கையாளரே திரையில் நாலு இடத்தில் தட்டித் தனக்கொரு மெய்நிகர் நெட்வொர்க், அதாவது மென்பொருளாலான நெட்வொர்க், கட்டிக்கொள்கிறார்.

கட்டுவது எளிதாகிவிட்டது, சரி. நடத்துவதும் எளிதாகிவிட்டது என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து கிளைத்த ஐந்து நம்பிக்கைகள் இவை.

நம்பிக்கை 1: எல்லாம் மென்பொருள், வன்பொருளைப் பற்றி இனிக் கவலையில்லை.

உண்மை: மெய்நிகர் நெட்வொர்க்கின் ஒவ்வொரு பாக்கெட்டும் கடைசியில் ஏதோ ஒரு கண்ணாடி இழை வழியாகத்தான் போகிறது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்வரக் குறைந்தது 10 மில்லிவினாடி ஆகும். எந்த மென்பொருளாலும் அதைக் குறைக்க முடியாது. திரையில் தனித்தனியாகத் தெரியும் இரண்டு பாதைகள் தரைக்கடியில் ஒரே குழாயில் கிடக்கலாம். அப்படிக் கிடந்தால், பள்ளம் தோண்டும் இயந்திரம் ஒரே இழுப்பில் இரண்டையும் அறுத்துவிடும்.

நம்பிக்கை 2: எனக்கென்று தனி நெட்வொர்க் இருக்கிறது, என் தரவு பூட்டித்தான் இருக்கும்.

உண்மை: பிரித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு. பழைய விலான் முறையில் 4,094 நெட்வொர்க்குகளைத்தான் பிரிக்க முடிந்தது. 2014-இல் ஆவணமாக வெளிவந்த விஎக்ஸ்லான் அந்த எண்ணிக்கையை 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொண்டுபோனது. இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே ஐபி முகவரிகளைப் பயன்படுத்தினாலும் ஒருவர் பாக்கெட் இன்னொருவரிடம் போகாது. ஆனால் விஎக்ஸ்லான் தன்னளவில் எதையும் மறையாக்கம் செய்வதில்லை. அடித்தள நெட்வொர்க்கில் நுழைந்துவிட்டவரால் பாக்கெட்டைப் பிரித்துப் படிக்க முடியும். மறையாக்கம் வேண்டுமென்றால் ஐபிசெக் போன்ற ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அலைவரிசையின் கதையும் இதுவே. அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு பூட்டு இருந்தாலும் தண்ணீர்த் தொட்டி பொதுதானே? பக்கத்து வாடிக்கையாளர் நள்ளிரவில் பேக்கப் எடுத்தால், வரம்பு வைக்காத நெட்வொர்க்கில் உங்கள் வேகமும் படுத்துவிடும்.

நம்பிக்கை 3: ஒவ்வொரு பகுதிக்கும் 99.9 சதவீத உத்தரவாதம் இருக்கிறது. சேவைக்கும் அதே 99.9.

உண்மை: கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள். 99.9 சதவீதம் என்றால் 43 நிமிடம் சேவை நிற்கலாம். ஆனால் வாடிக்கையாளரின் டிராஃபிக் ரவுட்டர், ஃபயர்வால், லோட் பேலன்சர் என்று மூன்றையும் வரிசையாகக் கடக்கிறது. ஒன்று விழுந்தாலும் சேவை போச்சு. மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது 99.7, அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 2 மணி 10 நிமிடம். இதற்காகத்தான் ஒவ்வொன்றுக்கும் மாற்று வைக்கிறார்கள். ஆனால் ஃபயர்வாலும் அதன் மாற்றும் ஒரே சர்வரில் மெய்நிகர் கணினிகளாக ஓடினால், அந்த சர்வர் நிற்கும்போது இரண்டும் சேர்ந்தே நிற்கும். இரண்டையும் வெவ்வேறு சர்வர்களில்தான் ஏற்ற வேண்டும் என்ற விதியை நிர்வாகிதான் எழுதி வைக்க வேண்டும்.

நம்பிக்கை 4: திரையில் எல்லாம் பச்சையாக இருந்தால் வாடிக்கையாளருக்கு எந்தக் குறையும் இல்லை.

உண்மை: இந்தத் துறையில் அடிக்கடி வரும் ஒரு புகார் உண்டு: “லாகின் ஆகுது சார், அட்டாச்மென்ட் மட்டும் போகமாட்டேங்குது.” சப்போர்ட்டில் இருப்பவர் பிங் அடித்துப் பார்க்கிறார், பதில் ஒழுங்காக வருகிறது. “எங்க பக்கம் ஒன்றுமில்லை” என்று டிக்கெட்டை மூடுகிறார். மறுநாள் அதே புகார் திரும்பி வருகிறது.

பிரச்சினை அளவில் இருக்கிறது. வழக்கமான ஈதர்நெட் ஒரு தடவையில் ஏற்றுக்கொள்ளும் பாக்கெட் 1,500 பைட். விஎக்ஸ்லான் அதன்மேல் இன்னொரு உறை போடுகிறது. அந்த உறைக்கே 50 பைட் போய்விடும். உள்ளே மிஞ்சுவது 1,450. வாடிக்கையாளரின் கணினி பழக்கப்படி 1,500 பைட் பாக்கெட்டை அனுப்பினால் அது வழியில் கைவிடப்படும். “சிறிதாக்கி அனுப்பு” என்று திரும்பிச் சொல்ல வேண்டிய தகவலையும் ஏதாவது ஒரு ஃபயர்வால் தடுத்துவிட்டால், அனுப்பியவருக்கு விஷயமே தெரியாது. சாதாரண பிங்கும் லாகின் தகவலும் சிறியவை என்பதால் தப்பித்துவிடுகின்றன. துண்டாக்கக் கூடாது என்று சொல்லி, 1,472 பைட் தரவோடு பிங் அடித்தால் குட்டு உடையும். தலைப்புகளோடு சேர்த்து அது சரியாக 1,500 ஆகும். அடித்தளத்தில் அளவைக் கூட்டுவது, அல்லது வாடிக்கையாளர் பக்கம் 1,450 ஆகக் குறைப்பது, இரண்டில் ஒன்று செய்தால் தீர்ந்தது. சாதனம் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கண்காணிப்புக்கு இது ஒருநாளும் சிக்காது. வாடிக்கையாளர் செய்யும் வேலையையே செய்து பார்க்கும் சோதனை தேவை.

நம்பிக்கை 5: தானியங்கியிடம் விட்டால் மனிதத் தவறு ஒழிந்தது.

உண்மை: தவறு ஒழிவதில்லை, அதன் வேகமும் வீச்சும் கூடுகின்றன. 2019 ஜூன் 2 அன்று கூகுள் கிளவுடில், ஓர் இடத்தில் மட்டும் நடக்க வேண்டிய பராமரிப்பு வேலை, தவறான அமைப்பினாலும் மென்பொருள் பிழையினாலும் பல இடங்களில் நெட்வொர்க்கைக் கட்டுப்படுத்தும் நிரல்களை நிறுத்திவிட்டது. கட்டுப்பாடு போன கணமே நெட்வொர்க் சாகவில்லை. கடைசியாக வாங்கிய விதிகளை வைத்துச் சில நிமிடங்கள் ஓடியது. அதன்பின் பாதைகள் விலக்கப்பட்டு, மிச்சமிருந்த பாதைகளில் நெரிசல் ஏற்பட்டது. சரிசெய்ய வந்த பொறியாளர்களின் கருவிகளும் அதே நெரிசலில்தான் சிக்கின. 2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக்கும் வாட்ஸாப்பும் சுமார் 6 மணி நேரம் முடங்கியதற்குக் காரணம் பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை. அதைத் தடுத்திருக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலேயே பிழை இருந்தது. ஆட்களை டேட்டா சென்டருக்கு நேரில் அனுப்பித்தான் மீட்டார்கள்.

ஆக, மெய்நிகர் சேவை வாங்குபவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கலாம். உத்தரவாதம் ஒவ்வொரு பகுதிக்கா, முழுச் சேவைக்கா? மாற்று ஏற்பாடு வேறு சர்வரிலும் வேறு இழைப் பாதையிலும் இருக்கிறதா? நெட்வொர்க் விழுந்தால் அதைச் சரிசெய்பவர்கள் உள்ளே நுழைய அந்த நெட்வொர்க்கைச் சாராத தனி வழி உண்டா? “எல்லாம் கிளவுடில் இருக்கிறது சார்” என்று மழுப்பினால், அடுத்த நிறுவனத்திடம் விலை கேளுங்கள்.